செயலாளர் ஆண்டறிக்கை, 2025: மர உடம்பு ஜெட்டும் நம் ஊருக்கு வந்த ஸ்குவாட்ரனும்

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025 ஜனவரி தொடங்கி டிசம்பர் முடிய நம் சங்கம் செய்த வேலைகளை இங்கே வைக்கிறேன். போன வருட அறிக்கை நீளம் என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். இந்த வருடமும் நீளம்தான். காபி வர அரை மணி நேரம் ஆகும் என்று சமையல்காரர் சொல்லிவிட்டார், அதனால் யாரும் எழுந்து போக வேண்டியதில்லை.

முதலில் இரங்கல். நவம்பர் 21 அன்று துபாய் விமானக் கண்காட்சியில் நம் விமானப்படையின் தேஜஸ் போர் விமானம் விழுந்து விங் கமாண்டர் நமன்ஷ் சியால் உயிரிழந்தார். நம் சூலூர் விமானப்படைத் தளத்தில் பணியாற்றியவர். அவருடைய உடல் சூலூருக்கு வந்து, அதன் பிறகே சொந்த மாநிலமான இமாசலப் பிரதேசத்துக்குப் போனது. டிசம்பர் கூட்டத்தை அவருக்கான மௌன அஞ்சலியோடு தொடங்கினோம். இந்த ஆண்டு முழுக்க நாம் படித்ததும் போர் விமானத்தில் ஏறி, திரும்பி வராமல் போனவர்களைப் பற்றித்தான். அதனால் இதை அறிக்கையின் தொடக்கத்திலேயே வைத்தேன்.

உறுப்பினர் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள், இரண்டு பேர் வீடு மாறிப் போனார்கள். மாதக் கூட்டம் இரண்டு முறை நடக்கவில்லை. ஒரு முறை ஊர்த் திருவிழா, இன்னொரு முறை என் முழங்கால் வலி.

இனி ஆண்டின் பொருளுக்கு வருகிறேன். 1965 இந்திய பாகிஸ்தான் போருக்கு இது அறுபதாம் ஆண்டு. நம் தலைக்கு மேல் தினமும் தேஜஸ் பறக்கிறது. அதை வைத்திருக்கும் விமானப்படைப் பிரிவுகளில், அதாவது ஸ்குவாட்ரன்களில், ஒன்று 45-ஆம் ஸ்குவாட்ரன், 'பறக்கும் குத்துவாள்கள்' என்று பெயர். அந்த ஸ்குவாட்ரன் 1965-ல் என்ன ஓட்டியது, அதற்கு என்ன நேர்ந்தது என்று படிக்கலாம் என பிப்ரவரி செயற்குழுவில் முடிவானது. நோட்டீஸ் அடிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. தப்பும் அங்கேதான் நடந்தது.

"1965 போரில் சூலூரிலிருந்து சீறிப் பாய்ந்த வீரர்கள்" என்று நோட்டீஸில் போட்டுவிட்டேன். முழுத் தவறு. 1965-ல் 45-ஆம் ஸ்குவாட்ரனுக்கும் சூலூருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது 1959-ல் உருவானது. போர் வந்தபோது புனேயிலிருந்து பதான்கோட் போய், அங்கிருந்து சண்டைக்குப் பறந்தது. பின்னாளில் மிக்-21 ஓட்டியது. இடையில் கலைக்கப்பட்டு, 2016 ஜூலையில் பெங்களூருவில் முதல் தேஜஸ் ஸ்குவாட்ரனாக மறுபடி உயிர் பெற்றது. சூலூருக்கு வந்தது 2018-ல்தான். ஊர்ப் பாசத்தில் எழுதிவிட்டேன். அச்சடித்த நோட்டீஸ் மீதியை வாங்கி எரித்தாயிற்று. யார் வீட்டுச் சுவரிலாவது ஒட்டியிருந்தால் கிழித்துவிடவும்.

அவர்கள் ஓட்டிய விமானம் வாம்பயர். பிரிட்டனின் டி ஹாவிலாண்ட் கம்பெனி செய்தது, முதல் பறப்பு 1943 செப்டம்பர் 20. உலகத்துக்கே ஜெட் என்பது புதுசாக இருந்த காலம். வாம்பயர் என்றால் ரத்தக் காட்டேரி. அதன் என்ஜினுக்குப் பெயர் கோப்ளின், அதாவது குட்டிச்சாத்தான். பெயர் வைத்தவர்களுக்கு என்ன கஷ்டமோ. இந்திய விமானப்படைக்கு 1948-ல் வந்து சேர்ந்தது. நம் நாட்டின் முதல் ஜெட் அதுதான். அப்புறம் பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையிலேயே லைசென்ஸ் வாங்கிக் கட்டினார்கள்.

ஏப்ரல் கூட்டத்தில் இந்த விமானத்தின் உடம்பைப் பற்றிப் பேசியது நம் தச்சு வேலைக்கார உறுப்பினர். விமானத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, அவரே அப்படித்தான் ஆரம்பித்தார். ஆனால் வாம்பயரில் விமானி உட்காரும் முன்பகுதி மரம். நடுவில் பால்சா கட்டை, இரண்டு பக்கமும் பிர்ச் மர ப்ளைவுட், பசை போட்டு அழுத்தி ஒட்டியது. போர்க்காலத்தில் அதே கம்பெனி மஸ்கிடோ விமானத்துக்குச் செய்த வேலைமுறைதான். இறக்கையும் வாலும் உலோகம். பால்சா எப்படி இருக்கும் என்று காட்ட அவர் கோயம்புத்தூர் வரை போய் மாடல் செய்கிறவர்களிடம் ஒரு துண்டு வாங்கி வந்தார். நகத்தால் கீறினால் கோடு விழுந்தது. "நம்ம முருங்கைக் கட்டைக்கு அண்ணன் தம்பி" என்றார். பிறகு அதையே இரண்டு மெல்லிய ப்ளைவுட் துண்டுகளுக்கு நடுவில் ஒட்டி, இரண்டு நாள் காயவைத்ததை எடுத்துக் கொடுத்தார். முழங்காலில் வைத்து உடைக்கப் பார்த்த இளைஞர்கள் மூன்று பேரும் தோற்றார்கள். எடை இல்லாத பொருள் நடுவில் நின்று இரண்டு தோல்களையும் விலக்கிப் பிடித்துக்கொள்வதால் வருகிற விறைப்பு அது என்று அவர் விளக்கினார். இந்த ஆண்டின் சிறந்த கூட்டம் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

அந்த விமானத்துக்கு வால் இரட்டைத் தண்டில் இருப்பதற்கும் காரணம் உண்டு. ஆரம்ப கால ஜெட் என்ஜினுக்கு உந்துவிசை குறைவு. பின்னால் நீளமாகக் குழாய் வைத்தால் அதிலேயே கொஞ்சம் வீணாகும். அதனால் உடம்பைக் குட்டையாக முடித்து, குழாயைச் சின்னதாக்கி, வாலை மட்டும் காவடித் தண்டு மாதிரி இரண்டு தண்டுகளில் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மூக்கில் நான்கு 20 மி.மீ. பீரங்கித் துப்பாக்கிகள். வேகம் மணிக்கு 880 கிலோமீட்டர் அளவில். 1943-க்கு இது பிரமாதம். 1965-க்கு?

செப்டம்பர் முதல் வாரக் கூட்டத்தில் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டோம். 1965 செப்டம்பர் 1 விடிகாலை, ஜம்முவின் சாம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்குப் படையோடு பெரிய தாக்குதலைத் தொடங்கியது. அவர்களின் குறி அக்னூர் பாலம். அது போனால் அதற்கு மேற்கே இருக்கும் நம் ராணுவத்துக்கு வழி அடைபடும். ராணுவம் விமான உதவி கேட்டது. பாதுகாப்பு அமைச்சர் ஒய்.பி. சவான் சம்மதம் கொடுத்தபோது பிற்பகல் போய்விட்டது. விமானப்படைத் தளபதி அர்ஜன் சிங் உத்தரவு போட, பதான்கோட்டிலிருந்து முதல் விமானம் கிளம்பியது மாலை 5:19-க்கு. நான்கு நான்காக 12 வாம்பயர்கள், அவற்றைத் தொடர்ந்து மிஸ்டியர் விமானங்கள்.

வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. கீழே புழுதியும் புகையும். டாங்கு யாருடையது என்று மேலிருந்து சட்டென்று தெரியாது. எதிரி டாங்குகள் அடிபட்டன. நம் ஆட்களின் வண்டிகள் சிலவும் நம் விமானங்களாலேயே அடிபட்டன. இதை மறைத்துச் சொல்ல வேண்டாம் என்று கூட்டத்தில் முடிவு செய்ததால் இங்கேயும் எழுதுகிறேன்.

அப்போது பாகிஸ்தானின் இரண்டு சேபர் விமானங்கள் வந்தன. ஓட்டியவர்கள் ஸ்குவாட்ரன் லீடர் சர்ஃபராஸ் ரஃபீக்கி, பிளைட் லெப்டினன்ட் இம்தியாஸ் பட்டி. சேபர் பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை கொண்டது, வாம்பயரைவிட மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடுதல். வாம்பயருக்கு ஓடித் தப்பவும் வழியில்லை. அன்று நான்கு வாம்பயர்கள் திரும்பவில்லை. ஏ.கே. பாக்வாகர், வி.எம். ஜோஷி, எஸ். பரத்வாஜ் ஆகிய மூன்று பேரும் இறந்தார்கள். ஒருவர் மட்டும் பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார். இந்த ரக வாம்பயரில் வெளியே தூக்கி எறியும் இருக்கை கிடையாது. அடிபட்ட விமானத்தில், தாழ்வான உயரத்தில், மேல் மூடியைத் தள்ளிவிட்டு விமானியே எழுந்து வெளியே விழ வேண்டும். அந்த ஒருவர் எப்படிப் பிழைத்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

நான்கையும் சேபர்களே வீழ்த்தின என்பது பாகிஸ்தான் கணக்கு. ஒன்று தரையிலிருந்து வந்த குண்டில் விழுந்தது, மூன்றுதான் சேபர்களுக்கு என்பது நம் பக்கக் கணக்கு. இரண்டையும் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறோம். ரஃபீக்கியும் ஐந்து நாள் கழித்து, செப்டம்பர் 6 அன்று ஹல்வாரா மேல் நடந்த சண்டையில் வீழ்ந்தார்.

"பழைய தகர டப்பாவை ஏன் அனுப்பினார்கள்?" என்று ஒரு உறுப்பினர் மேசையைத் தட்டிக் கேட்டார். டப்பா தகரம்கூட இல்லை, மரம் என்று பின்வரிசையிலிருந்து பதில் வந்தது. சிரிப்பு அடங்கிய பிறகு நல்ல விவாதம் நடந்தது. என் பார்வையைச் சொல்கிறேன், ஒப்புக்கொள்ளாதவர்கள் அடுத்த கூட்டத்தில் பேசலாம். தரையில் டாங்கு அடிக்கிற வேலைக்கு வாம்பயர் அவ்வளவு மோசமில்லை, அன்று மாலை கையில் இருந்ததும் அதுதான். இருட்டுவதற்கு ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது அதை வேண்டாம் என்றால் பாலத்தை யார் காப்பது? குறை எங்கே என்றால், மெதுவான விமானத்தைக் கீழே அனுப்பிவிட்டு மேலே காவலுக்கு ஆள் வைக்காததில். சவரக்கத்தியை வைத்துக் காய் நறுக்கலாம், பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். வாம்பயர்கள் அதற்குப் பிறகு முன்னணியிலிருந்து விலக்கப்பட்டன.

மேலே காவலுக்கு வர வேண்டியவர்கள் மறுநாளே பதான்கோட் வந்து சேர்ந்தார்கள். 23-ஆம் ஸ்குவாட்ரனின் நாட் விமானங்கள். நாட் என்றால் கொசு மாதிரி ஒரு பூச்சி. விமானமும் அப்படித்தான், இறக்கையின் முழு அகலமே ஏழு மீட்டருக்குள். செப்டம்பர் 3 அன்று மிஸ்டியர்களை உயரத்தில் தூண்டில் புழுவாகப் பறக்கவிட்டு, நாட் விமானங்கள் தாழ்வாக ஒளிந்து போய் மேலே ஏறின. சேபர்கள் தூண்டிலைக் கடித்தன. டிரெவர் கீலருக்கு முதல் சேபர் வெற்றி என்று அறிவிக்கப்பட்டு வீர் சக்ரா கிடைத்தது. அந்த சேபரின் விமானி யூசுப் அலி கான், அடிபட்ட விமானத்தை ஓட்டிக்கொண்டே ஊர் போய் இறங்கிவிட்டார் என்பது பின்னால் தெரிந்தது. அன்றே நம் நாட் ஒன்று பாகிஸ்தானின் பஸ்ரூர் ஓடுதளத்தில் இறங்கி அவர்கள் கையில் சிக்கியது. இந்த இரண்டையும் நான் படித்துச் சொன்னபோது மூத்த உறுப்பினர் ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். அடுத்த கூட்டத்துக்கு வந்துவிட்டார், அவருக்கு நன்றி.

நாட் விமானத்தில் வேலை பார்த்த, ஓய்வு பெற்ற விமானப்படை டெக்னீஷியன் ஒருவர் அக்டோபரில் வந்து பேசினார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஏணி இல்லாமல் தரையில் நின்றபடியே பாதி வேலையை முடிக்கலாம், ஆனால் உள்ளே கைவிட இடம் இருக்காது, "என் புறங்கையில் இருக்கிற தழும்பு எல்லாம் நாட் கொடுத்தது" என்று கையை நீட்டிக் காட்டினார். அந்த 23-ஆம் ஸ்குவாட்ரன்தான் இந்த செப்டம்பர் 26-ல் சண்டிகரில் மிக்-21-க்கு விடைகொடுத்த ஸ்குவாட்ரன் என்பதையும் அவர்தான் நினைவுபடுத்தினார். டிவியில் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

பெங்களூரு ஹெச்.ஏ.எல். விமான அருங்காட்சியகப் பயணம் நடக்கவில்லை. விடிகாலை நாலரை மணிக்கு இருபது பேர் பேருந்து நிலையத்தில் நிற்க, பேசி வைத்த வேன் வரவில்லை. முன்பணம் இன்னும் முழுசாக வரவில்லை. கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தை நூலக மாடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

சூலூருக்கு உண்மையாகவே இருக்கிற பழைய ஜெட் தொடர்பையும் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் என் நோட்டீஸுக்குப் பரிகாரம் ஆகாது. இந்த ஓடுதளத்தை இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை பயன்படுத்தியது. பிறகு இந்தியக் கடற்படையின் ஜெட் பிரிவு இங்கேதான் வளர்ந்தது. இன்று கோவா டபோலிமில் இருக்கும் கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். ஹன்சா, 1961 செப்டம்பரில் சூலூரில்தான் தொடங்கப்பட்டு, 1964-ல் அங்கே மாறியது. கடற்படை ஓட்டிய சீ ஹாக்கும் நேர் இறக்கை வைத்த ஆரம்ப கால ஜெட்தான். 1971 டிசம்பர் 4 அன்று விக்ராந்த் விமானம் தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பி, அன்றைய கிழக்கு பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரைத் தாக்கியவை அந்த சீ ஹாக்குகள். அந்த நாட்களில் தளத்தில் வேலை பார்த்தவர்கள், பால் ஊற்றியவர்கள், சைக்கிளில் டீ கொண்டுபோனவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள், நாங்களே வந்து பேசி எழுதிக்கொள்கிறோம்.

வரும் ஆண்டுக்கு 18-ஆம் ஸ்குவாட்ரன் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. அதுவும் 2020-ல் சூலூரில் தேஜஸ் ஸ்குவாட்ரனாக மறுபடி தொடங்கப்பட்டதுதான். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் குண்டு விழுந்துகொண்டிருந்த ஓடுதளத்திலிருந்து நாட் விமானத்தில் கிளம்பிய நிர்மல்ஜித் சிங் செகோன் அந்த ஸ்குவாட்ரனைச் சேர்ந்தவர். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான். இந்த முறை நோட்டீஸை அச்சுக்குக் கொடுக்கும் முன் இரண்டு பேர் படித்துப் பார்ப்பார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். தணிக்கை பார்த்துக் கொடுத்தவருக்கும், மாடியை வாடகையில்லாமல் தந்தவருக்கும், சுண்டல் உபயம் செய்த குடும்பங்களுக்கும் நன்றி.

கடைசியாக ஒன்று. தச்சர் செய்து கொடுத்த அந்த ப்ளைவுட், பால்சா பலகை நூலக அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கலாம், வளைத்துப் பார்க்கலாம். ஒரு மூலையை யாரோ பென்சில் சீவுகிற பிளேடால் செதுக்கியிருக்கிறார்கள். அவர் யார் என்று எனக்குத் தெரியும், இப்போது இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்