பீரோவில் இருந்த ஒரிஜினல்கள்

அன்புள்ள மீனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அடுப்பில் குழம்பு இருந்தது. உங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரே பருவத்தில் பதினொரு உதவிப் பேராசிரியர்கள் ராஜினாமா கொடுத்துவிட்டார்கள், ஏன் என்று எச்ஆரில் (பணியாளர் பிரிவில்) இருக்கும் உன்னிடம் அறிக்கை கேட்டிருக்கிறார்கள் என்றாய். சம்பளத்தைக் கூட்டச் சொல்லி எழுதப் போகிறாய், இல்லையா? எழுது. ஆனால் அதோடு நிறுத்திவிடாதே.

2003ல் நான் அந்த சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்த அன்றே, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து எம்.பில். வரை எல்லா ஒரிஜினல் சான்றிதழ்களையும் வாங்கி இரும்பு பீரோவில் பூட்டிவிட்டார்கள். அப்போது எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. பிஎச்.டி. பதிவுக்கு அவை தேவைப்பட்டபோதுதான் தெரிந்தது. மூன்று நாள் தாளாளர் அறை வாசலில் நின்றேன். ஒரு மாதச் சம்பளத்தை டெபாசிட்டாகக் கட்டிவிட்டு எடுத்துப் போ என்றார்கள். நான் டாக்டர் பட்டம் வாங்கினால் அவர்கள் கல்லூரிக்குத்தானே பெருமை! அதுவரை வேறு இடம் தேடும் எண்ணமே எனக்கு இருந்ததில்லை. அன்று பஸ்ஸில் வரும்போது வந்தது.

மாணவர்களின் ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018லேயே சொல்லிவிட்டது. வாத்தியார்களின் பீரோ இன்னும் பல இடங்களில் பூட்டித்தான் கிடக்கிறது என்று கேள்வி.

அப்புறமும் ஐந்து வருடம் இருந்தேன். காரணம் எங்கள் துறைத் தலைவர், எச்ஓடி மேடம். உனக்கு அம்மை போட்டிருந்தபோது யாரும் கேட்காமலே என் முதல் பீரியடை அவர் எடுத்தார். மே மாதம் வந்தால் ஆளுக்கு ஐந்து அட்மிஷன் பிடிக்க வேண்டும், பிடிக்காவிட்டால் இன்கிரிமென்ட் கிடையாது. நோட்டீஸ் கட்டோடு ஊர் ஊராகப் போய், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்போம். இருபது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்த மேடமும்தான். ஒரு வருடம் அவருக்கு இரண்டே அட்மிஷன். ஸ்டாஃப் மீட்டிங்கில் எழுப்பி நிற்க வைத்தார்கள். அடுத்த மாதம் அவர் போனார். இரண்டு வருடத்துக்குள் எங்கள் துறையில் ஆறு பேர் போனோம். யாருடைய ராஜினாமா கடிதத்திலும் இது இருக்காது; எல்லோரும் 'சொந்தக் காரணம்' என்றுதான் எழுதினோம். அதனால் உன்னிடம் இருக்கும் கடிதங்களை நம்பாதே. போனவர்களை நீயே கூப்பிட்டுப் பேசு.

2012ல் நான் விலகியபோது கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை, கேட்டேன். ஆசிரியர்களுக்கு அது கிடையாது என்றார்கள், நம்பினேன். 2009லேயே சட்டத்தைத் திருத்தி ஆசிரியர்களையும் சேர்த்திருந்தது எனக்குத் தெரியாது. தனியார் பள்ளிகள் அதை எதிர்த்துப் போட்ட வழக்கில், திருத்தம் செல்லும் என்று 2022ல் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒன்பது வருடத்துக்கு, வருடத்துக்கு 15 நாள் என்று 135 நாள் சம்பளம் வர வேண்டியது. அப்பாவிடம் சொன்னால் 'விடு' என்கிறார். என்னால் விட முடியவில்லை.

சரி, திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் உங்கள் பீரோவைத் திறந்து பார். யாருடைய ஒரிஜினலாவது உள்ளே இருந்தால் எனக்கு போன் பண்ணு. அறிக்கையை அதற்கப்புறம் எழுதலாம்.

அன்புடன்,
அம்மா