பிரேமனிலிருந்து அப்பாவுக்கு

பிரேமன், ஜெர்மனி
ஜனவரி 2023

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். ரஷ்யா எரிவாயுவை நிறுத்திவிட்ட பிறகு இந்தக் குளிரை எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். வீடு சூடாகத்தான் இருக்கிறது, கவலை வேண்டாம். பொதுக் கட்டடங்களில் மட்டும் 19 டிகிரிக்கு மேல் சூடேற்றக் கூடாது என்று உத்தரவு. பல்கலைக்கழகத்தில் கைகழுவும் குழாயில் வெந்நீரையும் நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்காரர் வெப்பத்துக்கான மாத முன்பணத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிட்டார்.

1973 முதல் இங்கு ரஷ்ய எரிவாயு வந்துகொண்டிருந்தது. பனிப்போர்க் காலத்திலேயே நிற்காதது இனியா நிற்கப்போகிறது என்ற நம்பிக்கையில், 2021 வாக்கில் இறக்குமதியில் பாதிக்கு மேல் அவர்களிடமே வாங்கினார்கள். நமக்கு எரிவாயு வேண்டும், அவர்களுக்குப் பணம் வேண்டும் என்பதே கணக்கு. அது முழுப் பொய்யுமல்ல. மேற்கு சைபீரிய வயல்களின் குழாய்கள் ஐரோப்பாவை நோக்கியே போடப்பட்டவை, அந்த எரிவாயுவை ஒரே நாளில் சீனாவுக்குத் திருப்பிவிட முடியாது. ஆனால் வருமானம் போனாலும் போகட்டும் என்று விற்பவன் துணிந்துவிட்டால் வாங்குபவனிடம் என்ன இருக்கும் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

எனக்கு மனம் ஆறாதது ரேடன் விஷயம்தான். பிரேமனுக்குத் தெற்கே உள்ள அந்தச் சிற்றூரில், எரிவாயு எடுத்து முடிந்த பழைய வயலொன்றை நிலத்தடிச் சேமிப்பகமாக வைத்திருக்கிறார்கள். மேற்கு ஐரோப்பாவிலேயே பெரியது. உக்ரைனின் கிரீமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்ட மறு ஆண்டு, 2015இல், அதை ரஷ்ய அரசின் எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோமிடமே ஒப்படைத்தார்கள். உக்ரைன் போருக்கு முந்தைய குளிர்காலத்தில் அது கிட்டத்தட்ட காலியாகவே கிடந்தது. நமக்கு நெல் விற்கும் வியாபாரியிடமே களஞ்சியத்தின் சாவியையும் கொடுப்போமா, அப்பா?

பிறகு அரசு விழித்துக்கொண்டது. சேமிப்பகங்களை நிரப்பியே ஆக வேண்டும் என்று சட்டம் இயற்றி, நார்வேயிடம் கூடுதலாக வாங்கி, நவம்பரில் ஏறத்தாழ முழுவதும் நிரப்பிவிட்டார்கள். வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில் டிசம்பரில் திறந்த மிதக்கும் முனையத்துக்கு, இம்மாதத் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து எல்என்ஜி, அதாவது குளிர்வித்துத் திரவமாக்கிய எரிவாயு, ஏற்றிய கப்பல் வந்தது.

இதன் சுமை இந்த நாட்டோடு நிற்கவில்லை. காஸ்ப்ரோமின் ஜெர்மன் கிளையை இந்த அரசு கட்டுப்பாட்டில் எடுத்ததும், ரஷ்யா அக்கிளைக்குத் தடை விதித்தது. அதன் சிங்கப்பூர் நிறுவனத்தோடு நீண்டகால ஒப்பந்தம் வைத்திருந்த நம் இந்திய அரசின் எரிவாயு நிறுவனமான கெயிலுக்கு வரவேண்டிய எல்என்ஜி கப்பல்கள் வரவில்லை. எரிவாயுவிலிருந்து யூரியா செய்யும் உர ஆலைகளுக்குத் தருவதைக் குறைக்க வேண்டியதாயிற்று. பணமுள்ள ஐரோப்பா எவ்வளவு விலை சொன்னாலும் வாங்கிவிடுகிறது, பாகிஸ்தானும் வங்கதேசமும் இருட்டில் கிடந்தன. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சம்பா நடவுக்கு யூரியா தட்டுப்பாடில்லாமல் கிடைத்ததா என்று எழுதுங்கள். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்பு மகன்