வேரில்லாத வேடன்

அன்புள்ள முருகேசா,

கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நீ எழுதிய முதல் கடிதம் வந்து சேர்ந்தது. கையெழுத்து முன்பைவிடக் கோணலாக இருக்கிறது. இத்தனை காலம் பழியைக் கண்ணின் மேல் போட்டாயே, பாவம்.

ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், தாமிரம் கலந்த நீல ரத்தம் என்று இரண்டு பக்கம் வியந்திருக்கிறாய். வியக்க வேண்டியதுதான். ஆனால் அதைப் புகழ உலகமே இருக்கிறது. நான் செடியின் கட்சி.

போன மாதம் ஒரு குளத்திலிருந்து நீர்ச்செடி ஒன்றைக் கண்ணாடி ஜாடியில் எடுத்து வந்தேன். பெயர் யூட்ரிகுலேரியா. வேரே கிடையாது. பச்சை நூல் போல மிதக்கிறது. நூல் நெடுக மிளகைவிடச் சிறிய பைகள். ஒவ்வொரு பையும் தன்னுள் இருக்கும் நீரை இறைத்து வெளியேற்றிவிட்டு, கன்னம் ஒட்டிய கிழவர் மாதிரி காத்திருக்கிறது. வாயில் ஒரு கதவு, கதவருகே சில மயிர்கள். டாஃப்னியா என்கிற நீர்த்தெள்ளு மயிரை உரசினால் போதும், கதவு உள்பக்கம் திறந்து, தண்ணீரோடு பூச்சியும் இழுபட்டுப் போகிறது. ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால், அதில் ஒரு பங்குக்குள் வேலை முடிந்துவிடுகிறது.

லென்ஸோடு மூன்று இரவு காத்திருந்தும் அந்தக் கணத்தை நான் பார்க்கவில்லை. தெள்ளு வெளியே இருந்தது. பிறகு உள்ளே இருந்தது. அதன் உடல் கண்ணாடி போன்றது என்பதால், பைக்குள் அதன் இதயம் துடிப்பது மட்டும் தெரிந்தது. அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. டார்வினே 1875இல் இந்தச் செடியைப் பற்றி எழுதியபோது, பூச்சிகள் தாமாகத் தலையால் முட்டித் திறந்துகொண்டு உள்ளே போகின்றன என்றுதான் கருதினார். எனக்கென்ன வெட்கம்?

பக்கத்து ஜாடியில் வாலிஸ்நேரியா. அது சாது. பெண்பூ நீண்ட காம்பில் ஏறி நீர்ப்பரப்புக்கு வந்து நிற்கும். ஆண்பூக்கள் அடியிலேயே செடியை விட்டுக் கழன்று, மேலே மிதந்து வந்து மலர்ந்து, காற்று தள்ளிய பக்கம் போகும். பெண்பூவைச் சுற்றி நீர் லேசாகக் குழிந்திருப்பதால், அருகே வந்தது சறுக்கி அதன்மேல் விழும். அதன்பின் காம்பு சுருள்வில்லாகச் சுருண்டு பூவை அடிக்கு இழுத்துக்கொள்ளும். நம் கல்யாணத் தரகர்களுக்கு இந்தப் பொறுமை ஏது! இந்த ஜாடியை ஒருமுறை கவிழ்த்துவிட்டேன். பாதிச் செடி போயிற்று. வீட்டில் வாங்கிய வசவை எழுத முடியாது.

யூட்ரிகுலேரியா இப்போது தண்ணீருக்கு மேல் ஒரு தண்டை உயர்த்தியிருக்கிறது, நுனியில் மஞ்சள் மொட்டு. புதுக் கண்ணோடு சீக்கிரம் வா. தெள்ளு உள்ளே போவதை நீயாவது பார்த்துச் சொல்.

அன்புடன்,
சேது