ஜெனரல் கைசர் ஷம்ஷேருக்கு, ஒரு நூலகத்தைப் பற்றி

மதிப்புக்குரிய ஜெனரல் கைசர் ஷம்ஷேர் ஜங் பகதூர் ராணா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் மறைந்து அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்று காத்மாண்டுவுக்கு வருகிற பயணிகளில் பெரும்பாலோர் உங்களைத் தாமெலுக்குப் பக்கத்திலுள்ள ஓர் அழகிய தோட்டத்தைக் கட்டிய ரசிகராக மட்டுமே அறிந்து செல்கிறார்கள். படைத்தலைவர், தூதர், பாதுகாப்பு அமைச்சர், மன்னரின் முதன்மை ஆலோசகர் என்று நீங்கள் வகித்த பதவிகளெல்லாம் அந்தத் தோட்டத்தின் நிழலில் மறைந்துவிட்டன. உங்களை அறிவாளி என்று மட்டும் புகழ்ந்துவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை; கொடுங்கோலர் என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை. ஆகவே இந்தக் கடிதம்.

1892 ஜனவரியில், பின்னாளில் நேபாளத்தின் பிரதமரான சந்திர ஷம்ஷேரின் மூன்றாவது மகனாகப் பிறந்தீர்கள். அந்நாளில் மன்னர் பெயரளவுக்கே மன்னர். 1846 முதல் நாட்டை ஆண்டது உங்கள் ராணா குடும்பம். பிரதமர் பதவி அண்ணனிடமிருந்து தம்பிக்கு என்று அந்தக் குடும்பத்துக்குள்ளேயே சுற்றி வந்தது. உங்கள் தந்தை உறவினர்களை ஏ, பி, சி என்று தாயின் குலத்தையும் திருமண முறையையும் வைத்துத் தரம் பிரித்தார். நீங்கள் முதல் வகுப்பு. அந்த வகுப்பில் பிறந்தவர் போர்க்களத்தையே காணாமல் ஜெனரல் ஆகலாம் என்பது ஊரறிந்த செய்தி. 1904இல், சிறுவனாக இருந்தபோதே, மன்னர் பிருத்வி வீர விக்ரம் ஷாவின் மகளை உங்களுக்கு மணமுடித்தார்கள். இதனால் பின்னாளில் அரியணை ஏறிய திரிபுவன் உங்களுக்கு மைத்துனர் ஆனார். ஆளும் குடும்பத்தில் பிறந்து, ஆள முடியாத குடும்பத்தில் பெண் எடுத்த உங்கள் இரட்டை உறவு 1950இல் உங்களை எங்கே கொண்டு நிறுத்தியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

1908இல் தந்தையோடு இங்கிலாந்து சென்றபோது அங்கிருந்த நூலகங்களும் பிரபுக்களின் மாளிகைகளும் உங்களை ஆட்கொண்டன என்கிறார்கள். அதன் பிறகு வாங்கிக் குவிக்கத் தொடங்கினீர்கள். வரலாறு, தத்துவம், மருத்துவம், வேட்டை, தோட்டக்கலை, சோதிடம் என்று பல்லாயிரம் நூல்கள் உங்கள் மாளிகையான கைசர் மகாலின் கூடங்களை நிரப்பின. அவற்றுக்கு நடுவே கவசங்களும் ஓவியங்களும், பஞ்சடைத்து நிறுத்தப்பட்ட ஒரு புலியும். வேட்டைக்காரரும் படிப்பாளியும் ஒரே ஆளாக இருந்தார் என்பதற்கு அந்தப் புலியைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. அச்சு நூல்களோடு நின்றுவிடாமல் பழஞ்சுவடிகளையும் சேர்த்தீர்கள். உங்கள் தொகுப்பிலுள்ள சுஸ்ருத சம்ஹிதையின் பனையோலைச் சுவடி கி.பி. 878ஆம் ஆண்டுக்குரியது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையான அந்த அறுவை மருத்துவ நூலை யுனெஸ்கோ 2013இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. இந்த ஒன்றுக்காக மட்டுமே உங்களுக்கு நன்றி சொல்லலாம், சொல்கிறேன்.

தோட்டத்தின் கதையும் சுவையானது. சோழி ஆட்டத்தில் தந்தையிடமிருந்து ஒரு லட்சம் ரூபாய் வென்று அந்தப் பணத்தில் கட்டினீர்கள் என்று ஊரில் சொல்வார்கள். உண்மையோ இல்லையோ, சந்திர ஷம்ஷேரிடமிருந்து பணத்தைக் கறக்கச் சூதாட்டமே வழி என்று மக்கள் நம்பியதில் ஒரு சேதி இருக்கிறது. கிஷோர் நரசிங் வடிவமைக்க, 1920 வாக்கில் எட்வர்டு கால ஆங்கிலப் பாணியில் மண்டபங்களும் குளங்களும் எழுந்தன. பாணி ஆங்கிலேயருடையது என்றாலும் மண்டபங்களின் கணக்கு நம் பக்கத்தது. அவை ஆறு, வசந்தம், கிரீஷ்மம், வர்ஷம், சரத், ஹேமந்தம், சிசிரம் என்று நேபாளத்தின் ஆறு பருவங்களின் பெயர்களைத் தாங்கின. இளவேனில் தொடங்கிப் பின்பனி வரை ஆறு பெரும்பொழுதுகளை எண்ணிப் பழகியவனுக்கு அந்தக் கணக்கு உடனே பிடிபட்டுவிடுகிறது.

இங்கேதான் எனக்கு உங்களிடம் கேட்க வேண்டியது தொடங்குகிறது.

நீங்கள் தோட்டம் கட்டிக்கொண்டிருந்த அதே 1920இல், கிருஷ்ணலால் அதிகாரி என்கிற ஓர் அரசு எழுத்தர் மக்காச்சோளம் பயிரிடுவது எப்படி என்று ஒரு சிறு நூல் எழுதி, ஆயிரம் படிகள் அச்சிட்டார். பயிரை அழிக்கிற செந்தலைப் பூச்சி, கருந்தலைப் பூச்சி என்று அவர் எழுதியது ஆளும் குடும்பத்தின் மீதான மறைமுகத் தாக்குதல் என்று உங்கள் தந்தையின் அரசுக்குக் கோள் போயிற்று. தீர்ப்பு ஒன்பது ஆண்டுச் சிறை. எல்லாப் படிகளையும் ஒப்படைத்தால் மூன்றாண்டு குறைப்பு. கைப்பற்றிய படிகளைத் தீயிலிட்டார்கள். அவர் தண்டனைக் காலம் முடியும் முன்பே சிறையில் இறந்துபோனார். உழவு பற்றிய ஒரு நூலுக்கு ஓர் உயிர்! மகன் கப்பல் கப்பலாக நூல் தருவித்துக்கொண்டிருந்தபோது, தந்தை தன் நாட்டில் அச்சான ஒரு நூலைத் தேடித் தேடி எரித்துக்கொண்டிருந்தார்.

பத்தாண்டு கழித்து நடந்தது இன்னும் நேரடியாக உங்கள் வாசலைத் தொடுகிறது. 1930இல், உங்கள் சிற்றப்பா பீம் ஷம்ஷேர் பிரதமராக இருந்தபோது, காத்மாண்டு இளைஞர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் கூடி, பொதுமக்கள் படிக்க ஒரு நூலகம் திறக்க அனுமதி கேட்டு மனு எழுதிக் கையெழுத்திட்டனர். பின்னாளில் மகாகவி என்று நாடே கொண்டாடிய லட்சுமி பிரசாத் தேவ்கோட்டாவும் அவர்களில் ஒருவர். அவர்கள் கேட்டது ஆட்சி மாற்றமல்ல, கட்சியுமல்ல. படிக்க ஓர் இடம். அதற்கு அவர்களைப் பிடித்துக் காவலில் வைத்து, ஆளுக்கு நூறு ரூபாய் அபராதம் விதித்தார்கள். அதே நகரத்தில், மன்னரின் நாராயண்ஹிட்டி அரண்மனைக்கு எதிரே, நாட்டின் மிகச் சிறந்த தனியார் நூலகம் உங்கள் வீட்டுக்குள் இருந்தது. மனு கொடுத்தவர்களுக்கு வழங்கிய தீர்ப்பைப் பற்றி உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. நீங்கள் ஒரு சொல் பேசினீர்களா? பேசியதாகச் சான்று எதையும் நான் பார்த்ததில்லை. அறிவை விரும்புவதும் அறிவு பரவுவதை விரும்புவதும் வேறு வேறு குணங்கள். முதலாவது உங்களிடம் நிறையவே இருந்தது.

1950க்கு வருகிறேன். நவம்பர் 6 அன்று மன்னர் திரிபுவன் குடும்பத்தோடு இந்தியத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தார். உங்கள் அண்ணன் மோகன் ஷம்ஷேர், பிரதமர் என்கிற முறையில், அரண்மனையில் விட்டுச் செல்லப்பட்டிருந்த மன்னரின் மூன்று வயதுப் பேரன் ஞானேந்திராவை மறுநாளே அரியணையில் அமர்த்தினார். மன்னர் விமானமேறி டெல்லி சென்றார். எல்லையில் நேபாளி காங்கிரஸின் ஆயுதப் போராட்டம் வெடித்தது. குழந்தை மன்னரை இந்தியா ஏற்க மறுத்தபோது, அண்ணன் தன் மகன் விஜய ஷம்ஷேரோடு உங்களையும் டெல்லிக்குப் பேச அனுப்பினார். ஒருபுறம் அண்ணன், மறுபுறம் மைத்துனர், நடுவில் நீங்கள். 1940களின் இறுதியில் லண்டனில் தூதராக இருந்த பழக்கம் அங்கே கைகொடுத்திருக்க வேண்டும். அந்தப் பேச்சுகளின் முடிவில்தான் நூற்று நான்கு ஆண்டு ராணா ஆட்சிக்குக் கதவு சாத்தப்பட்டது. உங்கள் குடும்பத்தின் தோல்வியைப் பேரம் பேசி ஒழுங்காக முடித்து வைத்தவர்களில் நீங்களும் ஒருவர். உங்கள் அரசியல் வாழ்வில் எனக்கு உண்மையான மரியாதை தோன்றுகிற இடம் இதுவே.

அதன் பின் அண்ணன் நாட்டைவிட்டு வெளியேறினார், நீங்கள் இருந்தீர்கள். 1951 இறுதியில் மாத்ருகா பிரசாத் கொய்ராலா அமைத்த அமைச்சரவையில் பாதுகாப்புத் துறை உங்களிடம் வந்தது. அந்த அமைச்சரவை கலைந்ததும், 1952 ஆகஸ்ட் முதல் 1953 ஜூன் வரை மன்னர் ஆலோசகர்களை வைத்து ஆண்டார். அவர்களில் முதன்மையானவர் நீங்கள். டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டது அந்தக் காலத்தில்தான். கட்சிகளுக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. மக்களாட்சி வந்துவிட்டதென்று பறைசாற்றிய அடுத்த ஆண்டே ஒரு ராணா மீண்டும் நாற்காலியில் அமர்ந்ததை எப்படிப் பொறுப்பார்கள்? அவர்கள் கோபம் நியாயமானது. உங்களை அமர்த்தியது மக்களல்ல, மைத்துனர்.

1964இல் நீங்கள் காலமானீர்கள். தோட்டம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. பாதி நிலம் கைமாறிப்போயிற்று. ஆறு மண்டபங்களில் மூன்றே மிஞ்சின. ஆஸ்திரியாவின் உதவியோடு 2000ஆம் ஆண்டில் தொடங்கிய சீரமைப்புக்குப் பிறகே அது மீண்டும் பூத்தது. நூலகமோ உங்கள் மறைவுக்குப் பின் குடும்பத்தாரால் அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் படிக்கிற இடமாக மாறியது. 2015 நிலநடுக்கத்தில் கட்டடம் கடுமையாகச் சேதமடைந்தது.

பூட்டி வைத்ததால்தானே அந்த நூல்கள் தப்பின என்று உங்கள் சார்பில் வாதிடுவோர் உண்டு. ஓலைச்சுவடிக்கு அந்த வாதம் பொருந்தும். 1930இல் அபராதம் கட்டியவர்களுக்குப் பொருந்தாது. எனவே எனக்கு ஒரு யோசனை உண்டு: பொது நூலகம் கேட்டுக் கையெழுத்திட்ட அத்தனை பேரின் பெயரையும், ஒவ்வொருவரும் கட்டிய நூறு ரூபாயையும் குறித்து, கைசர் நூலகத்தின் நுழைவாயிலில், நன்கொடையாளரான உங்கள் பெயருக்கு அருகிலேயே ஒரு கல்லில் பொறித்து வைக்க வேண்டும். நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் இதற்கு ஒப்புக்கொண்டிருப்பீர்களா?

இப்படிக்கு,
நூலகங்களில் வளர்ந்த ஒரு வாசகன்