எம்ஜிபியின் மூச்சைச் சீராக்கியவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

எம்ஜிபி என்ற என் 1967ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் இப்போது சிவப்பு விளக்கில் நடுங்காமல் நிற்கிறது. அதற்குக் காரணமானவர்கள் தங்கள் பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நன்றியையாவது எல்லோரும் அறியச் சொல்லிவிடுகிறேன்.

ஓடும்போது அந்த காரில் ஒரு குறையும் தெரியாது. நிறுத்தி ஐடிலிங்கில் (நின்ற இடத்தில் எஞ்சின் மெதுவாக ஓடும் நிலை) விட்டால் எஞ்சின் விக்கும், குலுங்கும், சில நேரம் அணைந்தே போகும். ஒரு பணிமனையில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் இரண்டு எஸ்யூ வகைக் கார்புரேட்டர்களையும் கழற்றிவிட்டு ஒற்றைக் கார்புரேட்டர் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த இரட்டையர்தானே இந்த காரின் உயிர்!

முதல் நன்றி, லண்டன் ஹாரோவில் கராஜ் நடத்தும் யாழ்ப்பாணத்து அண்ணாவுக்கு. மொரிஸ் மைனரிலும் ஆஸ்டினிலும் தொழில் பழகிய கை அவருடையது. "தம்பி, கார்புரேட்டரில் இப்போது கை வைக்க வேண்டாம். மற்றதெல்லாம் சரியா என்று முதலில் பார்ப்போம்" என்றார். வால்வுகளின் டேப்பட் இடைவெளி, தீப்பொறியைப் பகிர்ந்து கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட், பொறி விழும் நேரமான டைமிங் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி ஒரு துணியில் வரிசையாக வைத்தார். முதல் இரண்டின் முனை நல்ல பழுப்பு நிறம். 3, 4 இரண்டும் வெளிறிக் கிடந்தன. அந்த இரண்டு சிலிண்டர்களுக்கும் கலவை கொடுப்பது பின் கார்புரேட்டர். அங்கே எங்கோ வேண்டாத காற்று புகுகிறது என்று அப்போதே சொல்லிவிட்டார்.

எஞ்சினை ஓடவிட்டு, காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகட்டின் அச்சான ஸ்பிண்டிலின் ஓரத்தில் கார்புரேட்டர் கிளீனரைத் துளியளவு தெளித்தார். எஞ்சினின் சத்தம் உடனே மாறியது. அணைத்துவிட்டு என் விரலைப் பிடித்து அந்த ஸ்பிண்டிலில் வைத்து ஆட்டிக் காட்டினார். மேலும் கீழும் அசைந்தது. ஐடிலிங்கில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். எஞ்சின் இழுக்கும் காற்று கொஞ்சம்தான், உறிஞ்சும் விசையோ அதிகம். அப்போது தேய்ந்த துளை வழியே நுழையும் சிறு காற்றும் கலவையைக் கெடுத்துவிடும். த்ராட்டில் திறந்தால் அந்தக் கசிவு கணக்கிலேயே வராது. வேகத்தில் நன்றாக ஓடிய கார் நின்றால் மட்டும் விக்கியதன் காரணம் இதுதான்.

அடுத்த நன்றி அபிங்டனில் இருக்கும் ஆங்கிலேயப் பெரியவருக்கு. அங்கிருந்த எம்ஜி தொழிற்சாலை 1980இல் மூடப்படும்வரை வேலை பார்த்தவர். தேய்ந்த துளைகளைச் சீராகக் குடைந்து புஷ் (அச்சைத் தாங்கும் சிறு குழாய்) இறக்கி, 5/16 அங்குலப் புது ஸ்பிண்டில் போட்டுக் கொடுத்தார். முன் கார்புரேட்டரில் தேய்மானம் குறைவு என்றாலும் அதையும் விடவில்லை. ஜோடியாக வேலை செய்பவை ஒரே நிலையில் இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். த்ராட்டில் தகட்டைப் பிடிக்கும் சிறு திருகுகளின் பிளந்த முனையை அவர் விரித்துவிட்டதைப் பார்க்க வேண்டும். கழன்றால் எஞ்சினுக்குள்தான் விழும் என்பதால் ஒவ்வொன்றையும் லென்ஸ் வைத்துச் சரிபார்த்தார். பொருள்களின் விலைக்கு மேல் ஒரு பென்னி வாங்க மறுத்துவிட்டார்.

மறுபடி மாட்டிய அன்று அண்ணா இரண்டு கார்புரேட்டர்களையும் இணைக்கும் கம்பியின் பிடியைத் தளர்த்தி, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் வைத்து, இரண்டின் சீறலும் ஒன்றாகும்வரை திருகினார். பிறகு காற்றோட்டமானி வைத்துப் பார்த்தோம், திருத்த ஒன்றுமில்லை. கலவையைக் கடைசியாகத்தான் தொட்டார். கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தூக்கும் ஊசியை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்தினார். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், தடுமாறினால் குறைவு, லேசாகக் கூடி உடனே அடங்கினால் சரி. பெட்ரோல் அளவை மாற்றும் ஜெட் நட்டை ஒவ்வொரு பட்டையாகத் திருப்பி அந்த இடத்தைப் பிடித்தார். அந்தக் காதுக்கும் கைக்கும் நான் தலை வணங்குகிறேன்.

சரியான கேஸ்கெட்டுகளைத் தேடி அனுப்பிய உதிரிப்பாகக் கடை அம்மையாருக்கும், ஞாயிறு காலைகளில் எங்கள் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும் நன்றி.

அந்தக் காற்றோட்டமானியை நான் விலைக்கு வாங்கி வைத்திருக்கிறேன். ஹாரோ பக்கம் இரட்டை எஸ்யூ வைத்திருப்பவர்கள் யாராக இருந்தாலும் அண்ணாவின் கராஜில் சொல்லி இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஒரு எம்ஜிபி உரிமையாளர்