மன்றத் தேர்தலில் நிற்பதற்கு முன்

அன்புள்ள பாப்பா,

நீ தொலைபேசியில் கேட்டதற்கு உடனே பதில் சொல்லாமல், யோசித்து எழுதுகிறேன் என்று வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். மாணவர் மன்றத் தேர்தலில் நிற்கட்டுமா என்று கேட்டாய். அதே மூச்சில், பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு அது நல்லது என்று தோழிகள் சொல்வதாகவும் சொன்னாய். முதல் பாதிக்கு என் பதில், தாராளமாக நில். இரண்டாம் பாதிதான் எனக்கு உறுத்துகிறது.

நம் ஊர்ப் பள்ளிகளில் வகுப்புத் தலைவியை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். டீச்சர் விரலை நீட்டினால் தேர்தல் முடிந்தது. டீச்சர் இல்லாத நேரத்தில் சாக்பீஸோடு நின்று, பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதுவது அவள் வேலை. மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. அந்தப் பட்டியலில் தலைவியின் சிநேகிதிகள் பெயர் மட்டும் ஒருநாளும் வராது. தமிழ்நாடு முழுக்க இந்த ஒரு விதி மாறியதே இல்லை. எட்டாம் வகுப்பில் நீயும் அந்தச் சாக்பீஸைப் பிடித்தவள்தான். இப்போது சிரிக்காதே.

என் வகுப்பில் இந்த வருடம் ஒரு பிள்ளை இருக்கிறாள். அவள் தலைவியும் இல்லை, முதல் மதிப்பெண்காரியும் இல்லை. செங்கல் சூளை வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி நடுவருடத்தில் சேர்ந்தாள். தமிழில் ஒரு எழுத்து தெரியாது. மதிய உணவுக்கு மணி அடித்ததும் இவள் அவளை வரிசையில் தனக்கு முன்னால் நிறுத்திக்கொள்வாள். சாப்பிட்டுத் தட்டைக் கழுவிய ஈரக்கையோடு சிமெண்டுத் திண்ணையில் ‘அ’ எழுதிக் காட்டுவாள். வெயிலில் அது காய்வதற்குள் மற்றவள் அதன்மேல் எழுதிப் பார்க்க வேண்டும். யாரும் சொல்லி இது நடக்கவில்லை. இவளுக்கு எந்தப் பதவியைக் கொடுத்தாலும் இதைவிட நன்றாக ஒன்றும் செய்துவிடப் போவதில்லை என்று நினைக்கிறேன். ஆனால் பதவி இருந்திருந்தால், அந்தத் திண்ணைக்கு ஒரு பலகை கேட்டு வாங்கியிருப்பாள். உன்னை நில் என்று சொல்வது அதற்காகத்தான்.

நீ படிக்கும் அட்லாண்டிக் கல்லூரியைப் பற்றி உன் பெரியப்பா ஊரெல்லாம் சொல்லிவருகிறார். வேல்ஸில் கடலோரக் கோட்டைக்குள் பள்ளியாம், ஸ்பெயின் நாட்டு இளவரசியே 2021 முதல் இரண்டு வருடம் படித்தாராம். அவர் தன் பாத்திரத்தைத் தானே கழுவினாரா என்று கேட்டேன், பெரியப்பாவுக்குத் தெரியவில்லை. எனக்கு அந்த இடத்தில் பிடித்தது வேறு. 1962-இல் அதைத் தொடங்கக் காரணமாயிருந்த குர்ட் ஹான், ஹிட்லரை எதிர்த்ததற்காக 1933-இல் சிறை சென்று, பிறகு ஜெர்மனியைவிட்டே வெளியேறிய ஆசிரியர். வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து படித்தால் மட்டும் போதாது, பிறருக்காகச் சேர்ந்து உழைக்கவும் வேண்டும் என்று நம்பியவர். அவருடைய நம்பிக்கை அங்கே ஒரு படகாகவே உருவெடுத்தது.

அந்தக் கதையை உன் ஆசிரியர்கள் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் நான் சொல்கிறேன். உங்கள் கோட்டைக்குக் கீழே இருக்கும் பிரிஸ்டல் சேனல், உலகிலேயே ஏற்றவற்றம் மிக அதிகமான கடற்பகுதிகளில் ஒன்று. பாய்மரப் படகு ஓட்டப் பழகும் மாணவர்களுக்குத் துணையாகக் காற்றடைத்த ரப்பர் படகுகளை இறக்கினார்கள். கரையில் இழுத்து இழுத்து அவற்றின் அடிப்பாகம் தேய்ந்து கிழிந்தது. முதல் தலைமையாசிரியர் டெஸ்மண்ட் ஹோர் கடற்படையில் ரியர் அட்மிரலாக இருந்தவர். அவரும் மாணவர்களும் அடியில் ஒட்டுப்பலகை பொருத்திப் பார்த்தார்கள். அப்படியே வருடக்கணக்கில் மாற்றி மாற்றிச் செய்ததில், கீழே கெட்டியான உடலும் சுற்றிக் காற்றுக் குழாயுமாக ஒரு புதுவகைப் படகு உருவானது. அதன் காப்புரிமையை பிரிட்டனின் உயிர்மீட்புப் படகு அமைப்புக்கு ஒரே ஒரு பவுண்டுக்குக் கொடுத்தார் ஹோர். இன்று உலகெங்கும் கடலோரக் காவல் படைகள் அந்த வகைப் படகையும் ஓட்டுகின்றன. 2013 வரை கல்லூரியிலேயே உயிர்மீட்பு நிலையம் இயங்கியது, படகில் போனவர்களில் மாணவர்களும் உண்டு. 1969-இல் அந்த அமைப்பின் படகுக் குழுவில் சேர்ந்த முதல் பெண், உன்னைப் போல அங்கே படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி.

இதில் என்னை யோசிக்கவைத்தது ஒன்று. உங்களுடையது இரண்டே வருடப் படிப்பு. பலகையை முதலில் பொருத்திய பிள்ளைகள் முடிந்த படகைப் பார்க்காமலே ஊர் திரும்பியிருப்பார்கள். அடுத்த அணி அவர்கள் விட்ட இடத்திலிருந்து எடுத்திருக்கிறது. மே மாதம் தேர்வு முடிந்ததும் உன் சீனியர்கள் கிளம்பிவிடுவார்கள், பள்ளியில் பாதி காலி. செப்டம்பரில் பல நாடுகளிலிருந்து புதுப் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். நீ ஜெயித்தாலும் உன் கையில் முழுதாக ஒரு வருடம்கூட இருக்காது. அதில் பத்து வாக்குறுதி கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சட்டமன்றத் தேர்தல் ஞாபகம் வருகிறது. ஒரு வேலையை எடு. எதுவரை நடந்தது, யாரிடம் பேசினாய், எங்கே முட்டிக்கொண்டது என்று ஒரு நோட்டில் எழுதிவை. அடுத்து வருகிறவள் அதைத் திறந்தால் மறுநாளே வேலையைத் தொடர முடிய வேண்டும்.

எந்த வேலை என்று கேட்பாய். வந்த புதிதில் நீயே சொன்னாயே, கூட்டங்களில் ஆங்கிலம் வேகமாக வருகிறவர்களே பேசி முடித்துவிடுகிறார்கள், நான் மனதில் வாக்கியம் கோத்து முடிப்பதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடுகிறது என்று. எந்த நாட்டுப் பள்ளியிலும் இது நடக்கும், யாரையும் குறை சொல்ல வேண்டாம். பேச வேண்டியதை இரண்டு நாள் முன்னாலேயே எழுத்தில் எல்லோருக்கும் கொடுப்பது, இன்னும் பேசாதவர்களைக் கேட்ட பிறகே முடிவெடுப்பது என்று ஒரு முறையைக் கொண்டுவந்து பார். செப்டம்பரில் வரும் வியட்நாம் பையனுக்கும் பொலிவியா பெண்ணுக்கும் அது உதவும். விண்ணப்பத்தில் எழுத இது பெரிதாகத் தோன்றாமல் போகலாம், போகட்டும்.

படிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீ படிக்கும் ஐபி (International Baccalaureate) என்ற பன்னாட்டுப் பட்டயத்துக்கு ஆறு பாடங்கள், நாலாயிரம் சொல் ஆய்வுக் கட்டுரை, மொத்தம் 45 புள்ளி என்று அப்பா மனப்பாடமாக வைத்திருக்கிறார். படைப்பு, உடல் செயல்பாடு, சேவை என்ற பகுதிக்குப் புள்ளியே கிடையாது, ஆனாலும் அதை முடிக்காமல் பட்டயம் தரமாட்டார்கள் என்று நான் சொன்னபோது அவரால் நம்பவே முடியவில்லை. நம் ஊரில் மதிப்பெண் இல்லாததை யார் செய்வார்கள் என்றார். மன்ற வேலையைச் சாக்கு வைத்து வேதியியலைத் தள்ளிப்போட்டால் அவரோடு நானும் சேர்ந்துகொள்வேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

பேச்சை எழுதினால் எனக்கு அனுப்பு. இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் சிவப்பு மையால் வெட்டுவேன். ‘மாற்றம்’ என்ற சொல் ஒரு தடவைக்கு மேல் வந்தாலும் வெட்டுவேன்.

அன்புடன்,
அம்மா