தாத்தா கொண்டுவந்த வாழைமர நோட்டு

சிங்கப்பூர்,
ஞாயிறு சாயந்திரம்.

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி தேவலையா? போனில் "சாப்பிட்டியா" என்பதற்குள் சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் கடுதாசி.

வேலை துவாஸ் பக்கம் ஒரு கப்பல் யார்டில். துருவைச் சுரண்டிச் சாயம் அடிக்க வேண்டும். மத்தியானச் சோற்றுப் பொட்டலம் விடியுமுன்னே வந்துவிடும். பன்னிரண்டு மணிக்குப் பிரித்தால் சாம்பார் லேசாக நுரைத்திருக்கும். பழகிவிட்டது.

தாத்தாவும் இதே வேலைதான் பார்த்தார் என்பாயே, போன ஞாயிறு அவர் வேலை பார்த்த பழைய கடற்படைத் தளம் இருந்த செம்பவாங் போய்ப் பார்த்தேன். மால்டா, ஜிப்ரால்டர், கனடா என்று வெள்ளைக்காரன் வைத்த தெருப் பெயர்கள் அப்படியே இருக்கின்றன. தாத்தா 1937-ல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தார். மறு வருஷம் பிப்ரவரி 14-ல் கடற்படைத் தளத்தில் கப்பலை ஏற்றிப் பழுது பார்க்கும் பெரிய டாக்கைத் திறந்தார்கள். 1942 பிப்ரவரி 15-ல் ஊரே ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது.

"மூணரை வருசம் ஒரு காயிதம் இல்ல, காசு இல்ல, பெத்தவள மறந்துட்டான்" என்று உன் அப்பாயி சாகும்வரை புலம்பினார்களாம். நீயும் அதையே பிடித்துக்கொண்டாய். அந்த மூணரை வருஷம் இந்த ஊருக்குச் சிங்கப்பூர் என்ற பெயரே கிடையாது அம்மா, ஜப்பான்காரன் வைத்த பெயர் சியோனான். நாகப்பட்டினத்துக்குக் கப்பலும் இல்லை, தபாலும் இல்லை. அரிசிக்கு ரேஷன், மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடந்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு மியூசியத்தில் கண்ணாடிக்குள் பத்து வெள்ளி ஜப்பான் நோட்டு பார்த்தேன். குலை தள்ளிய வாழைமரம் போட்டது. சின்ன வயதில் நான் கடை வைத்து விளையாடினேனே, டிரங்குப் பெட்டியில் இருந்து எடுத்து, அதே நோட்டு! 1945-ல் ஜப்பான்காரன் தோற்றதும் எல்லாம் வெறும் காகிதமாகிவிட்டது. செல்லாத பணத்தை அவர் ஏன் கட்டுக்கட்டாக ஊர்வரை சுமந்து வந்தார்? கப்பல் ஓடினதும் அனுப்பலாம் என்று சேர்த்த கூலியாகத்தான் இருக்கும். அவர் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

வெள்ளைக்காரன் 1968-ல் தளத்தை விட்டுப் போவதாக அறிவித்தான், 1971 அக்டோபரில் கிளம்பினான். தாத்தாவும் அந்த வருஷம்தானே ஊருக்குத் திரும்பி வந்தார்? பதினோரு வயசில் நீ வாசலில் நின்று "யாரும்மா இவரு" என்று கேட்டாயாம்.

தளத்து ஆட்கள் மரத்தடியில் வைத்துக் கும்பிட்ட முருகன் இப்போது யீஷூனில் பெரிய கோயிலில் இருக்கிறார். 1967-ல் அவர்கள் தொடங்கிய பங்குனி உத்திரம் இன்னும் நடக்கிறது. அங்கே வாங்கிய விபூதியை இதில் மடித்து வைத்திருக்கிறேன், பிரிக்கும்போது கொட்டிவிடாதே.

அந்த நோட்டுக்கட்டைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடாதே. கரையான் ஏறாமல் பெட்டியை பெஞ்சு மேல் தூக்கி வை. பொங்கலுக்கு வந்ததும் இரண்டு பேருமாக உட்கார்ந்து எண்ணலாம். சாவி அத்தையிடம் இருக்கும், கேட்டு வாங்கு.

உன் மகன்